காட்டு ஓடையில் பாதரசம்: தண்ணீரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்

"சுற்றுவட்டாரத்தில் ஓர் ஆலைகூட இல்லை, பாதரசம் எங்கிருந்து வரும்?" மரம் வெட்டிய காட்டின் ஓடையில் பாதரசத்தைச் சோதிப்பவர்களின் முதல் சறுக்கல் இதுதான். நிலக்கரி எரியும்போது கிளம்பும் பாதரசம் காற்றோடு கண்டம் தாண்டிப் போகும். இலைகள் அதை உறிஞ்சிக்கொள்ளும், சருகாக உதிர்ந்து மண்ணில் சேர்க்கும். ஆகவே ஆள் நடமாட்டமே இல்லாத காட்டிலும் பல தலைமுறைப் பாதரசம் மண்ணுக்குள் கிடக்கிறது. மரம் வெட்டும்போது அது கிளறப்படுகிறது, அவ்வளவுதான்.

அடுத்து, மொத்தப் பாதரசத்தை மட்டும் அளந்து முடிவு கட்டுவது. உணவுச் சங்கிலியில் படிப்படியாகப் பெருகுவது அதன் நச்சு மிகுந்த வடிவமான மெத்தில் பாதரசம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. மரங்கள் போய்விட்டால் நீரை உறிஞ்ச ஆளில்லை. நிலத்தடி நீர் மேலேறும். கனரக வண்டிகளின் சக்கரத் தடங்களில் தண்ணீர் தேங்கும். கழித்துப்போட்ட கிளையும் இலையும் அங்கேயே மக்கினால் பாக்டீரியாக்களுக்கு விருந்துதான்.

சரி, தண்ணீரில் மெத்தில் பாதரசத்தையே அளந்துவிட்டால்? அதுவும் போதாது என்பதுதான் எனக்கு வியப்பு. அமெரிக்காவின் வடமேற்கில் 10 ஓடைப் பகுதிகளை ஒப்பிட்டார்கள். சிலவற்றில் காட்டை முழுசாக மொட்டையடித்தார்கள், சிலவற்றில் கரையோரம் 8 மீட்டர் அகலத்துக்கு மரங்களை விட்டுவைத்தார்கள், மற்றவற்றைத் தொடவே இல்லை. மொட்டையடித்த ஓடைகளின் உயிர்களில் பாதரசம், தொடாத காட்டைவிடச் சராசரியாக 50 சதவீதம் அதிகம். கரைமரம் விட்ட இடத்தைவிட 165 சதவீதம் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள், கரைமரம் விட்ட ஓடைகளில் தொடாத காட்டைவிடவும் குறைவு! ஆனால் பூச்சிகளிலும் சாலமாண்டர்களிலும் (பல்லி போல் தோன்றும், தவளை இனத்துக்கு நெருங்கிய உயிர்கள்) இருந்த அளவு, தண்ணீரில் இருந்த அளவோடு ஒத்துப்போகவில்லை.

சாப்பாடு மாறியதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நிழலான ஓடையில் கரையிலிருந்து விழும் சருகைக் கொறிக்கும் பூச்சிகள் இருக்கும். கரையும் மொட்டையானால் அவற்றின் பங்கு சுருங்கி, ஓடைக்குள்ளேயே வளரும் பாசி போன்ற உணவையே மற்ற உயிர்கள் அதிகம் நம்ப வேண்டியதாகிறது; அதன் வழியாகத்தான் பாதரசம் கூடுகிறது என்பது அவர்கள் கருத்து. 8 மீட்டர் மரவரிசை பெயருக்குத்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மீனை மட்டும் சோதிப்பது இன்னொரு தவறு. ஆறு தொடங்கும் இடத்துச் சிற்றோடைகள் பலவற்றில் மீனே இருக்காது. அப்புறம், நீருக்குள் வளரும் பூச்சிகள் சிறகு முளைத்துக் கரைக்குப் பறக்கின்றன. அதே ஆய்வில், வெட்டிய பிறகு கரையோரப் பாட்டுப் பறவைகளிலும் பாதரசம் கூடியிருந்தது.

இதற்காக எல்லாக் காட்டுக்கும் ஒரே கணக்குப் போடவும் முடியாது. சுவீடன் போன்ற வடநாடுகளில் மீன்களிலுள்ள பாதரசத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் கால் பங்குவரை மரவெட்டால் வருவதாக ஒரு மதிப்பீடு உண்டு. ஆனால் அதே சுவீடனில் வெட்டிய பிறகும் ஓடைநீரில் பெரிதாக எதுவும் மாறாத இடங்களும் இருக்கின்றன. நிலம் சரிவா சதுப்பா, வண்டி இறங்கியபோது மண் உறைந்திருந்ததா குழைந்திருந்ததா என்று முதலில் கேளுங்கள்.