போர்ப் பகுதிக்குக் கேமராவுடன் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பாலத்தீனப் பகுதியான மேற்குக்கரைக்குத் தொண்டர்களாகச் சென்று வரும் இளைஞர்களின் காணொளிகளையும் குறிப்புகளையும் வெளியீட்டுக்கு முன் திருத்திக் கொடுப்பது சில ஆண்டுகளாக என் பணி. நான் முதன்முறை சென்றபோது எழுதிய அதே வாக்கியங்கள் இப்போது அவர்கள் கையெழுத்தில் வருகின்றன. கேமரா ஆடுவதையும் ஊர்ப் பெயர்ப் பிழைகளையும் அனுபவமே திருத்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

உடலின் விலையை மறத்தல்

பாலத்தீனர்களுக்குத் துணையாக வெளிநாட்டுத் தொண்டர்களை நிறுத்தும் சர்வதேச ஒற்றுமை இயக்கம் 2001இல் தொடங்கப்பட்டபோது அதன் கணக்கில் ஒளிவுமறைவு இல்லை: வெளிநாட்டவர் அருகில் நின்றால் இஸ்ரேலியப் படைவீரர் சுடத் தயங்குவர். வெளிநாட்டவர் என்ற சொல்லை நடைமுறையில் வெள்ளையர் என்றே படிக்க வேண்டியிருந்தது. என்னைப் போன்ற கறுத்த தோலுடையவர், ஐரோப்பியக் கடவுச்சீட்டை எடுத்துக் காட்டும் வரை, சோதனைச் சாவடியில் அந்தத் தயக்கத்தைக் கண்டதில்லை. 2003 மார்ச் 16 அன்று காஸாவின் ரஃபாவில், வீடு இடிப்பைத் தடுக்க நின்று இராணுவப் புல்டோசரால் கொல்லப்பட்ட அவ்வியக்கத்தின் அமெரிக்கத் தொண்டர் ரேச்சல் கோரியின் பெயரைப் பயிற்சிக்கு வரும் அனைவரும் அறிவர். 2000 முதல் 2004 வரை காஸாவில் இடிக்கப்பட்ட 2,500க்கும் மேற்பட்ட வீடுகளில் ஒன்றின் உரிமையாளர் பெயரையாவது கேட்டால் அறையில் பேச்சே இருக்காது.

ஆதாரத்தைக் கையோடு கொண்டுபோதல்

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். மேற்குக்கரை நகரான ஹெப்ரானுக்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூரில், தம் ஒலிவ மரங்களை இஸ்ரேலியக் குடியேறிகள் வெட்டிய ஒவ்வொரு நாளையும் நேரத்தையும் பல ஆண்டுகளாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்த விவசாயி ஒருவர், கடைசி முறை அதைத் தாமே ஒளிநாடாவில் பதிவும் செய்திருந்தார். அந்த நாடாவை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய நான், என் குரலில் விளக்கம் சேர்த்து, ஐந்து நிமிடப் படமாக வெட்டி வெளியிட்டேன். அதில் அவர் “உள்ளூர்வாசி ஒருவர்” ஆனார். நோட்டு இடம்பெறவே இல்லை. பாராட்டுகள் எனக்கு வந்தன. மூன்று மாதங்கள் கழித்து அவருடைய புகாருக்கு மூல நாடா தேவைப்பட்டபோது, அதன் மேல் நான் வேறொரு கூட்டத்தைப் பதிவு செய்துவிட்டிருந்தேன். வேறு பிரதி உண்டா என்று தொலைபேசியில் இரண்டு முறை கேட்டார். ஆதாரம் போதவில்லை என்று புகார் மூடப்பட்டது.

கவனக்குறைவு என்று இதைச் சுருக்கிவிட முடியாது. அவர் கண்டது என் வாய்வழி வந்தால்தான் சாட்சியம் ஆகும் என்று நான் நம்பியதால்தான் நாடாவும் என்னிடம் இருப்பதே முறை என்று தோன்றியது. சென்ற மாதம் ஒரு தொண்டர் இதையே நினைவட்டையுடன் செய்துவிட்டு, “என்னிடம் பாதுகாப்பாக இருக்கிறது” என்றார். யாருக்குப் பாதுகாப்பு?

மூலக் கோப்பு எடுத்தவரிடமே இருக்கட்டும். நீங்கள் பிரதியை மட்டும் எடுங்கள். எடுத்தவர், இடம், நேரம் ஆகியவற்றை அரபியில் எழுதி அதனுடன் சேர்த்து வையுங்கள். இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலெம் 2007இல் பாலத்தீனர்களிடமே கேமராக்களைக் கொடுக்கத் தொடங்கியது. 2016 மார்ச்சில் ஹெப்ரானில், காயமுற்றுத் தரையில் கிடந்த ஒரு பாலத்தீனரை இராணுவ வீரர் சுட்டுக் கொன்றதைப் பதிவு செய்தவர் அவ்வமைப்பின் உள்ளூர்த் தொண்டரே. மறு ஆண்டு அவ்வீரருக்குக் கிடைத்த 18 மாதச் சிறை மிகச் சிறியது. ஆயினும் அந்தப் பதிவு இல்லாமல் வழக்கே நின்றிருக்காது. படம் எடுத்தவருக்கோ கொலை மிரட்டல்கள் வந்தன.

மொழிபெயர்ப்பாளர்

பெயர், அவர் விரும்பினால். கூலி, எப்போதும்.

முகங்கள்

நீங்கள் விமானம் ஏறிய மறுநாளும் படத்தில் இருப்பவர்கள் அதே சாவடியைக் கடக்க வேண்டும். கேட்காமல் காட்டாதீர்கள்.

பிறராக எழுதுதல்

வேண்டாம். 2011இல் டமாஸ்கஸ் பெண் ஒருவர் எழுதியதாக உலகம் நம்பிய வலைப்பதிவை எழுதியவர், ஸ்காட்லாந்தில் இருந்த அமெரிக்க ஆண். கைதானதாகச் சொல்லப்பட்ட அந்தக் கற்பனைப் பெண்ணைத் தேட முனைந்த சிரியர்கள் தங்களையே ஆபத்துக்கு உள்ளாக்கிக்கொண்டார்கள்.