பத்து வீசை மூட்டை, இரண்டு மணி நேரம்: போர்க்காலத்தில் பெண்கள் குழு நடத்துவது எப்படி

இதை எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டு பேர் ரங்கூனிலேயே வேறு பேட்டையில் இருப்பவர்கள், ஒருவர் மோல்மேன் பக்கம். மூவருக்கும் ஒரே கேள்வி: "உங்க பொம்பளைங்க குழு மட்டும் எப்படி உடையாம ஓடுது?" உடைந்தது. இரண்டு முறை உடைந்தது. ஒரு முறை அரிசி அளக்கும் டின்னால், இன்னொரு முறை தமெய்னால் (பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டும் லுங்கி). இரண்டையும் விவரமாகச் சொல்கிறேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

வேலை இதுதான். சண்டை நடக்கும் ஊர்களிலிருந்து ஓடி வந்து பௌத்த மடங்களில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு அரிசி, துணி, பெண்களுக்கான மாதாந்திரத் துணிகள் அனுப்புகிறோம். 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு இந்த நாட்டில், அதாவது மியான்மரில், வீட்டை விட்டு இடம்பெயர்ந்தவர்கள் 30 லட்சத்துக்கும் மேல் என்று ஐ.நா. சொல்கிறது. நாங்கள் பார்ப்பது அதில் ஒரு துளி. யார் எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் பாதிப் பேர் மறுநாள் வர மாட்டார்கள்.

மண்டபம் பிடிப்பது, அண்டா இரவல் வாங்குவது, பாய் விரிப்பது எல்லாம் கோயிலில் ஒரு முறை அன்னதானம் போட்டவர்களுக்குத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

முதல் படி: ஆள் சேர்க்காதீர்கள், கேளுங்கள்

நாங்கள் தலைகீழாகச் செய்தோம். முதலில் ஆள் சேர்த்தோம், அப்புறம் "வீட்டில் இருப்பதைக் கொண்டு வாருங்கள்" என்றோம். வந்தது என்ன? ஜரிகைச் சேலை, ஒற்றைச் செருப்பு, பட்டன் போன பள்ளிச் சட்டை, யாரோ கல்யாணத்துக்குத் தைத்த பாவாடை. அதைப் பிரிக்கவே நான்கு ஞாயிற்றுக்கிழமை போனது. மடத்தில் இருந்தவர்களுக்குத் தேவைப்பட்டதோ சோப்பும் கொசுவலையும்.

அதனால் முதலில் ஒரே ஒரு மடம். அங்கே நேரில் இருக்கும் ஒரே ஒரு ஆள், முடிந்தால் ஒரு பெண். "என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் "எது கொடுத்தாலும் சரிம்மா" என்பார்கள். "நேற்று எது தீர்ந்துபோனது?" என்று கேளுங்கள். பதில் உடனே வரும். பழந்துணி வாங்குவதை நாங்கள் அடியோடு நிறுத்திவிட்டோம். யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

இரண்டாம் படி: நாளைக் கேட்காதீர்கள், வர முடியாத நாளைக் கேளுங்கள்

"எந்த நாள் வருவீங்க அக்கா?" என்றால் நம் பெண்கள் எல்லா நாளையும் சொல்வார்கள். மறுப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள். வராத நாளில் காரணமும் சொல்ல மாட்டார்கள். நோட்டில் "வர முடியாத நாள்" என்று ஒரு பத்தி போட்டுப் பாருங்கள். மாமியார் மருந்து, கடையில் சரக்கு வரும் நாள், கரண்ட் இருக்கும் நேரத்தில் தண்ணீர் ஏற்ற வேண்டியது எல்லாம் தானாக வந்துவிடும்.

ஒரு முறைக்கு இரண்டு மணி நேரம். அதற்கு மேல் யாரையும் உட்கார வைக்காதீர்கள், ஆசைப்பட்டாலும் அனுப்பிவிடுங்கள். முதல் மாதம் ஆறு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் மூன்றாம் மாதம் எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையும் டீ போடுவதையும் வேலையாகவே எழுதுங்கள். எங்கள் குழுவில் தையல் தெரியாத ஒரு பாட்டி பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்கிறார். அவர் வராத நாளில் ஐந்து பெண்கள் வருவதில்லை, ஆக அந்த நாளின் முக்கியமான ஆள் அவர்தான்.

தலைவி, செயலாளர் என்று பட்டம் வைக்காதீர்கள். சாவி யாரிடம், நோட்டு யாரிடம் என்பது போதும்.

(இங்கே ஒரு சின்ன விலகல். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த பெண்கள் பிரிவான ஜான்சிராணிப் படை என்றால் நம் வீடுகளில் கேப்டன் லட்சுமியும் துப்பாக்கி பிடித்த பெண்களின் படமும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 1944-ல் அவர்களில் பலர் பர்மாவின் மலை நகரமான மேமியோவில் இருந்த மருத்துவமனையில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள். கட்டுத்துணி துவைப்பதை யாரும் படம் எடுப்பதில்லை. எங்கள் குழுவிலும் எல்லோரும் மூட்டை ஏற்றும் நாளுக்குத்தான் வரப் பார்க்கிறார்கள், துணி நனைக்கும் நாளுக்கு இல்லை.)

மூன்றாம் படி: மூட்டை

நான் தடுக்கி விழுந்த இடம் இது. பொறுமையாகப் படியுங்கள்.

இங்கே அரிசி மூட்டை என்றால் 24 பியி (பியி என்பது இங்குள்ள படி அளவு), கிட்டத்தட்ட 49 கிலோ. முன்பெல்லாம் தெருப் பையன்கள் வந்து தூக்கிக் கொடுப்பார்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தினார்கள், ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. அதற்கப்புறம் பையன்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட்டார்கள். மண்டபத்தில் மிஞ்சியது நாங்களும் எங்கள் முதுகுவலியும்.

ஆகவே மூட்டையை எங்கள் உடம்புக்குத் தக்கபடி மாற்றினோம். ஒரு பெரிய மூட்டையை மூன்றாகப் பிரித்தால் ஒன்று 8 பியி, அதாவது 10 வீசை, 16 கிலோ சொச்சம். ஐம்பது வயது அக்கா ஒருவர் தனியாக இடுப்பில் வைத்துத் தூக்கலாம். (ஆங்கிலேயர்கள் 'விஸ்' என்று எழுதியது நம்முடைய வீசையைத்தான். பர்மியர்கள் 'பெய்த்தா' என்பார்கள். இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் கவனிக்கவும்: இங்குள்ள வீசை 1.63 கிலோ, சென்னைப் பக்கத்துப் பழைய வீசையைவிடப் பெரியது.)

அளப்பது பால் டின்னால். கன்டென்ஸ்டு மில்க் டின் எட்டு சேர்ந்தால் ஒரு பியி. ஒரு சின்ன மூட்டைக்கு 64 டின். பெரியவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு டின் என்று வைத்தால் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆறு நாள் ஓடும். கணக்கு எவ்வளவு அழகு!

முதல் நாளே மூன்றாவது மூட்டையில் எட்டு டின் குறைந்தது. திருடு போயிருக்கும் என்று ஒருத்தி மெதுவாகச் சொல்ல, இன்னொருத்தி சத்தமாக அழ, கூட்டம் இரண்டாகிவிட்டது. ஒரு வாரம் யாரும் யாரோடும் பேசவில்லை. அடுத்த வாரம் நான் எதிரில் உட்கார்ந்து கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அக்கா டின்னை அரிசிக்குள் விட்டு எடுத்து, விளிம்பை உள்ளங்கையால் வழித்துக் கொட்டினார். பக்கத்தில் இருந்த அத்தை கோபுரமாகக் குவித்து, சிந்தாமல் மெல்லத் தூக்கிக் கொட்டினார். ஒவ்வொரு டின்னிலும் ஒரு பிடி கூடுதல். 64 முறை.

"அத்தை, தலை வழிச்சுப் போடுங்க" என்றேன்.

"கொடுக்கிற அரிசியை வழிச்சுக் கொடுத்தா வீட்டுல லட்சுமி தங்குவாளா? நீ கணக்குப் பார்க்காதே போ."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் எல்லோரும் வீட்டிலிருந்து ஒரு பிடியரிசி கொண்டு வரச் சொல்லித் தனியாக ஒரு தாம்பாளத்தில் கொட்டி வைத்தோம். மூட்டைக்கு 64 டின்னும் தலை வழித்துத்தான். வாய் கட்டுவதற்கு முன் அத்தை தாம்பாளத்திலிருந்து இரண்டு கை அள்ளி மேலே போடுவார். லட்சுமியும் தங்கினாள், கணக்கும் தங்கியது. வழிப்பதற்கு உள்ளங்கை வேண்டாம், ஒரு அடி ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள். கைக்குக் கை மாறும், ஸ்கேல் மாறாது. டின்னும் ஒரே பிராண்டாக இருக்கட்டும். வாய் நசுங்கிய டின்னைத் தூர எறிந்துவிடுங்கள்.

நான்காம் படி: தமெய்ன் தனி

நாம் எல்லோரும் வீட்டில் தமெய்ன் கட்டுகிறவர்கள்தான், நமக்கு அது வெறும் லுங்கி. அதனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று அரிசியின் மேலேயே அம்மாவுக்குத் தமெய்ன், அப்பாவுக்கு லுங்கி, பிள்ளைக்குச் சட்டை எல்லாம் வைத்துக் கட்டினோம். லாரியில் ஏற்றும்போது ஒரு மூட்டை அவிழ்ந்தது. தலையில் சுமந்து வந்தவர் உள்ளே பூப்போட்ட துணியைப் பார்த்தார். மூட்டையைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், அன்றைக்கு லாரி போகவில்லை.

தமெய்னுக்குக் கீழே போனால் ஆணுக்கு 'போன்' குறையும் என்பது இங்குள்ள நம்பிக்கை. (கைபேசி இல்லை. பிறவியிலேயே ஆணுக்கு வாய்த்ததாகச் சொல்லும் ஒரு மகிமை.) 2021 மார்ச்சில் ரங்கூன் தெருக்களில் பெண்கள் ராணுவத்தினரைத் தடுக்கத் தமெய்ன்களைக் கொடி கட்டித் தொங்கவிட்டதும் இதை வைத்துத்தான். எனக்கு அந்த நம்பிக்கை பிடிக்காது, அது வேறு விஷயம். மழைக்கு முன்னால் அரிசி போய்ச் சேர வேண்டும். தமெய்ன், உள்ளாடை, மாதாந்திரத் துணி எல்லாம் இப்போது தனிச் சாக்கில், சிவப்புக் கயிறு கட்டி, வண்டியில் அடித்தட்டில் போகிறது. ஏற்றுவதும் இறக்குவதும் பெண்களே. இதில் எதிர்பாராத ஒரு லாபம்: மடத்திலும் அந்தச் சாக்கைப் பெண்கள்தான் பிரிக்கிறார்கள், ஆண்கள் எதிரில் கூச்சப்பட்டுக் கை நீட்ட வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: மாதாந்திரத் துணி தைப்பது

கடைப் பேடு அனுப்பினால் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும், குப்பை போட இடமும் இருக்காது. பிளானல் துணியில் தைத்தால் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம். தைக்கும் முறை எந்தத் தையல்காரிக்கும் தெரியும், பத்து அங்குல நீளம், இரண்டு பக்கமும் சிறகு, நடுவில் கூடுதல் மடிப்பு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வெட்டுவதற்கு முன்னால் துணியை நனைத்துக் காய வையுங்கள். பிளானல் சுருங்கும். எங்கள் முதல் ஐம்பது துண்டும் ஒரு துவைப்பில் கைக்குட்டையாகிவிட்டன.

அடர் நிறம் வாங்குங்கள். மடத்து முற்றத்தில் எல்லோர் எதிரிலும் காயப்போட வேண்டியிருக்கும். வெள்ளை கொடுத்தால் வெயிலில் போடாமல் ஈரத்தோடு மடித்து வைத்துக்கொள்வார்கள், அதனால் புண் வரும். பிரஸ் பட்டன் வேண்டாம், அது பிய்ந்தால் மாற்ற ஆள் இருக்காது. சாதாரணச் சட்டைப் பட்டன் போதும். ஒரு பொட்டலத்தில் ஆறு துண்டு, ஒரு சோப்பு, இரண்டு கிளிப்.

மெஷின் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. மோட்டார் மெஷினை நம்பாதீர்கள். கரண்ட் வரும் நேரத்தை நம்பி ஆட்களைக் கூப்பிட்டால் அவர்கள் பாதி நேரம் பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பழைய கால்மெஷின் இரண்டு இருந்தால் போதும், பெல்ட்டை மட்டும் உபரியாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: எழுதுவதும் எழுதாததும்

செல்போனில் கணக்குப் போடச் சொல்லிச் சின்னப் பெண்கள் சண்டை போடுகிறார்கள். நான் நோட்டுக் கட்சி. இரண்டு நோட்டு, இரண்டு வீட்டில். மூட்டை எண்ணிக்கை, பணம் வந்தது, போனது. எண்ணும்போது இரண்டு பேர், எண்ணுகிறவர் எழுதக் கூடாது. வாங்குகிறவர்கள் பெயரை எழுதாதீர்கள், மடத்தின் பெயரைக்கூட ஒரு எழுத்தால் குறித்தால் போதும். படம் எடுக்காதீர்கள். பணம் கொடுத்தவர்கள் படம் கேட்பார்கள். கட்டி வைத்த மூட்டைகளைப் படம் எடுத்து அனுப்புங்கள், முகம் வேண்டாம்.

சாக்கில் எழுத மார்க்கர் வேண்டாம், முதல் மழையிலேயே அழிந்துவிடும். கறுப்பு ஆயில் பெயிண்ட், பழைய பிரஷ். மேலே எழுதாதீர்கள், அடுக்கினால் தெரியாது. இரண்டு பக்கமும் எழுதுங்கள்.

பிறகு சேர்த்தது: 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மாண்டலே பக்கம் இதே மூட்டைகளை அனுப்பிய ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அரிசி போனது, சமைக்கப் பாத்திரம் இல்லை என்று. உண்மைதான். ஓடி வருகிறவர்கள் சிலசமயம் ஒரு சட்டியாவது கொண்டு வருகிறார்கள், வீடு இடிந்தவர்களிடம் அதுவும் இருக்காது. இப்போது பத்து மூட்டைக்கு ஒரு அலுமினியச் சட்டி வைக்கிறோம்.

இன்னொரு முறை சேர்த்தது: பிடியரிசியில் பலவகை அரிசி கலந்து வருகிறதே, வேகும்போது ஒன்று குழையும், ஒன்று நிற்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அத்தையிடமே கேட்டேன். "கஞ்சியா வச்சுக்கச் சொல்லு" என்றார். இருந்தாலும் இப்போது தாம்பாள அரிசியை மூட்டைக்குள் கொட்டாமல் சின்னத் துணியில் முடிந்து மேலே வைக்கிறோம்.