கல்லூரிப் பாட நூல்கள் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பாடத்திட்டத்தில் அச்சாகியிருக்கும் நூற்பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அத்தனையையும் வாங்கிவிடுவதுதான் பெரும்பாலான குடும்பங்கள் செய்யும் முதல் தவறு. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம் ஒவ்வொரு தாளுக்கும் பாட நூல்களைத் தனியாகவும் பார்வை நூல்களைத் தனியாகவும் தருகிறது. பார்வை நூல்கள் நூலகத்தில் புரட்டிப் பார்ப்பதற்கானவை. அவற்றைச் சொந்தமாக வாங்கத்தான் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஆசிரியர் உண்மையில் எந்த நூலிலிருந்து கணக்குப் போடுகிறார் என்பதை இரண்டு வாரம் கவனித்த பிறகு வாங்கினால், ஐந்து அலகுகளில் ஒன்றுக்கு மட்டும் உதவும் நூலுக்குப் பணம் கொடுக்க நேராது.

புதிய பதிப்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது அடுத்த தவறு. கணிதம், இயக்கவியல், மின்சுற்று போன்ற பாடங்களின் அடிப்படை பதிப்புக்குப் பதிப்பு மாறிவிடுவதில்லை. பெரும்பாலும் மாறுவது பயிற்சிக் கணக்குகளும் அத்தியாய வரிசையும்தான். மூத்த மாணவர் ஒருவரிடம் நான் வாங்கிய பொறியியல் கணித நூலின் தையல் விட்டுப்போயிருந்தது. ஆனால் எந்தக் கணக்கு எந்தத் தேர்வில் வந்தது என்பதை ‘ஏப்ரல்/மே’, ‘நவம்பர்/டிசம்பர்’ என்று ஓரமெல்லாம் பென்சிலால் அவர் குறித்து வைத்திருந்தார். கடையில் இருந்த புத்தம் புதிய பிரதியைவிட அந்தக் குறிப்புகளே எனக்கு அதிகம் உதவின.

சட்டப் படிப்புக்கு இது பொருந்தாது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால், கொலைக்கான தண்டனையைப் பழைய நூலில் 302-ஆம் பிரிவு என்று படிப்பவர், இன்று அது 103-ஆம் பிரிவு என்பதை அறியாமலே தேர்வு எழுதப் போவார்.

வெளிநாட்டு ஆசிரியர்களின் நூல்களுக்கு இந்திய மலிவுப் பதிப்பு உண்டா என்று பார்க்காமல் இறக்குமதிப் பிரதிக்குப் பணம் கட்டுவதும் வீண் செலவே.

விலைக்கு அஞ்சிக் கள்ளப் பதிப்பை வாங்குவோரும் உண்டு. அதில் படங்கள் மங்கி, சூத்திரத்தின் அடுக்கு எண் அழிந்திருந்தால் விடையே தவறிப் போகும். டெல்லி பல்கலைக்கழக வளாகத்து நகல் கடை மீது பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், கற்பித்தலுக்குத் தேவையான பகுதிகளை நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் கூறியது. ஆசிரியர் குறித்துத் தரும் பகுதிகளை நகலெடுக்கத் தயங்க வேண்டியதில்லை. முழு நூலையும் அச்சிட்டு விற்பது வேறு விஷயம்.

வாங்குவதில்தான் நிதானம் வேண்டுமே தவிர, நூலகத்துக்குப் போவதில் அல்ல. ஒரு பருவம் முழுவதும் நூல்களை வைத்துக்கொள்ளத் தரும் புத்தக வங்கி பல கல்லூரிகளில் இருக்கிறது. பிரதிகள் குறைவு என்பதால், தாமதமாகப் பெயர் கொடுப்பவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது யாரும் எடுக்காத நூல்களே.