ஊர் வீட்டு முற்றத்துப் பைப்பை மாற்றப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்து வீடுகளில் அதிகம் உழைப்பது, திறந்து பூட்டித் தண்ணீர் பிடிக்கும் வெளிப் பைப்தான். வெளியே போய் வருபவர்கள் கால் கழுவுவதும், செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள் உள்ளே ஏறும் முன் முகம் அலம்புவதும், பூங்கன்றுகளுக்கு வாளி நிரப்புவதும் அதில்தான். ஆகவே நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஆடி, ஆவணியில் வந்து இறங்குபவர்களின் கண்ணில் முதலில் படும் பழுதுகளில் அதுவும் ஒன்றாக இருக்கிறது. மாற்றுவது அரை நாள் வேலைதான். ஆனால் அதைப் பயணத்தின் கடைசி இரண்டு நாள்களுக்கு ஒதுக்கி வைக்காதீர்கள்; ஞாயிற்றுக்கிழமைகளில் பல ஹாட்வெயார் கடைகள் பூட்டியிருக்கும், ஒட்டிய இணைப்புக் காயவும் நேரம் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து பைப் வாங்கி வர வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. பைப்பைக் குழாயில் திருகி ஏற்றும் வரிகளைப் புரி என்போம்; இலங்கையில் பிரித்தானிய முறைப் புரியே வழக்கம். கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்பவற்றுக்கு வட அமெரிக்கப் புரி. அரை அங்குல அளவில் இரண்டிலும் ஓர் அங்குலத்துக்கு 14 புரிகள் இருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குள் ஏறுவது போலவே தோன்றும். ஆனால் ஒன்றின் புரிக்கோணம் 55 பாகை, மற்றதன் கோணம் 60 பாகை. எனவே எவ்வளவு இறுக்கினாலும் எங்கோ ஓரிடத்தில் கசியும். ரொறன்ரோவில் பார்த்துப் பார்த்து வாங்கிய ஒன்றைப் பெட்டியில் சுமந்து சென்று, மூன்றாம் நாள் கழற்றி எறிந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பிரித்தானியாவிலிருந்து வருபவர்களுக்குப் புரி பொருந்தும், ஆனால் அழுத்தம் பொருந்தாது: வீட்டுக்கு மேலே உள்ள தண்ணீர்த் தாங்கியின் நீர்மட்டம் பைப்பைவிட 5 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் கிடைப்பது ஏறத்தாழ 0.5 பார் அழுத்தமே. நகரக் குழாயின் அழுத்தத்துக்கென ஒடுக்கமான துவாரத்துடன் செய்யப்பட்ட பைப்பில் அந்தத் தண்ணீர் நூலாகத்தான் வரும்.

பைப் ஒழுகுகிறது என்பதற்காகவே அதை மாற்ற வேண்டியதில்லை. பூட்டிய பின்னும் வாயிலிருந்து சொட்டினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷர்தான் தேய்ந்திருக்கும். குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கல்லுக்குள் ஊறி வருவதால் கடினமானது. அதன் வெள்ளைப் படிவு வாஷர் அமரும் விளிம்பிலும் பிடித்துக்கொள்ளும். பைப்பின் தலையைக் கழற்றி, வினாகிரியில் நனைத்த துணியால் படிவைத் துடைத்து, புது வாஷர் போட்டால் பல பைப்புகள் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். பிடிக்குக் கீழே தண்டைச் சுற்றிக் கசிந்தால் அங்குள்ள நட்டைச் சற்று இறுக்கிப் பாருங்கள். உடல் வெடித்திருந்தாலோ, விளிம்பு அரித்துப் பள்ளம் விழுந்திருந்தாலோ மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கழற்றும் முன் தண்ணீரை நிறுத்த வேண்டும். தாங்கியிலிருந்து இறங்கும் குழாயில், திருப்பித் தண்ணீரை அடைக்கும் ஒரு கேற் வால்வு இருக்கும். நெடுநாள் திருப்பப்படாமல் அது இறுகியிருந்தால் அதனுடன் மல்லுக்கட்டாமல் தாங்கியை வெறுமையாக்கி விடுவதே பாதுகாப்பானது. கிணற்று மோட்டரின் ஆளியை நிறுத்தி, வேலை முடியும்வரை யாரும் போடாதபடி வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி வையுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் இணைப்புப் பெற்ற வீடானால் மீற்றருக்கு இப்பால் உள்ள வால்வைத்தான் பூட்ட வேண்டும்; மீற்றரிலும் அதற்கு அப்பாலும் கை வைக்கக் கூடாது.

பழைய வீடுகளில்தான் சிக்கல். சுவருக்குள் இரும்புக் குழாய் போயிருந்தால் துருவேறிய புரியோடு பைப் ஒட்டிப்போயிருக்கும். பைப்பை மட்டும் பிடித்துத் திருகினால் உள்ளே குழாய் முறிந்து, அரை நாள் வேலை மேசனை அழைத்துச் சுவர் உடைக்கும் வேலையாகிவிடும். முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்து, மறுநாள் ஒரு பைப் றெஞ்சினால் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றினால் பைப்பை இடஞ்சுழியாகத் திருப்புங்கள். அதற்கும் இளகாவிட்டால் பிளம்பரைக் கூப்பிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பீ.வீ.சீ. குழாயானால் கழற்றுவது எளிது, உடைப்பதும் எளிது. சூடு காட்டவே கூடாது.

கழற்றிய பழைய பைப்பைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். எங்கள் ஊரில் திறந்து பூட்டும் பித்தளையும் பைப்தான், நிலத்தில் புதைக்கும் நீளக் குழாயும் பைப்தான் என்பதால், சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. கால்வட்டம் திருப்பும் பளபளப்பான வகைகளைக் காட்டுவார்கள். மணல் கலந்து வரும் கிணற்று நீருக்கு, வாஷர் மாற்றக்கூடிய பழைய திருகுவகைப் பித்தளைப் பைப்பையே நான் தெரிவுசெய்வேன், ஏனெனில் நீங்கள் விமானம் ஏறிய பின் அதைத் திருத்த வேண்டியவர் வீட்டில் இருக்கும் மாமியோ பக்கத்து வீட்டுத் தம்பியோதான். பீ.வீ.சீ. இணைப்பும் மாற்ற வேண்டியிருந்தால் உள்ளே பித்தளைப் புரி பதித்ததைக் கேட்டு வாங்குங்கள். வெறும் பிளாஸ்ரிக் புரி இறுக்கத்தில் வெடிக்கும். அந்த இணைப்பை ஒட்டினால், பசை டின்னில் குறிப்பிட்ட நேரம் கழியும்வரை தண்ணீர் விடாதீர்கள்.

பொருத்தும்போது பழைய புரியைக் கம்பித் தூரிகையால் துப்புரவாக்கி, புதுப் பைப்பின் புரியில் கசிவைத் தடுக்கும் வெள்ளை ரேப்பை, புரியின் முனை உங்களைப் பார்த்திருக்க, வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். மறுபுறமாகச் சுற்றினால் திருகும்போதே அவிழ்ந்துவிடும். கடையில் கிடைக்கும் ரேப் மெல்லியதாக இருப்பதால் 8 முதல் 10 சுற்று வேண்டும். கையால் முடிந்தவரை இறுக்கிவிட்டு, றெஞ்சினால் ஏறத்தாழ ஒரு சுற்றுக் கொடுத்து, வாய் நேர் கீழே பார்க்கும் நிலையில் நிறுத்துங்கள். தவறுதலாகத் தாண்டிப் போய்விட்டால் பின்னுக்குத் திருப்பிச் சரிசெய்யக் கூடாது. ரேப்பின் பிடி விட்டுவிடும். கழற்றிப் புதிதாகச் சுற்றிக்கொண்டுதான் மீண்டும் ஏற்ற வேண்டும்.

பைப்பைத் திறந்து வைத்தபடியே வால்வை மெல்லத் திறவுங்கள்; காற்றும் துருவும் முதலில் வெளியேறட்டும். பின் பூட்டி, இணைப்பைச் சுற்றிக் காய்ந்த கடதாசியை ஒற்றி, மறுநாள் காலையிலும் அதையே செய்து பாருங்கள். பைப்பின் கீழே பள்ளம் இருந்தால் கல்லும் சீமெந்தும் இட்டு, நீர் வாழை அடிக்கோ தென்னை அடிக்கோ ஓடும்படி வாய்க்கால் வெட்டிவிடுங்கள். மாரி தொடங்கினால் தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும். மேலதிகமாக வாங்கிய இரண்டு வாஷரையும் மிஞ்சிய ரேப்பையும் ஒரு பையில் போட்டுச் சமையலறை ஆணியில் கொழுவி, எந்த வால்வைப் பூட்ட வேண்டும் என்று வீட்டில் இருப்பவருக்கு ஒருமுறை திருப்பிக் காட்டிவிட்டு வாருங்கள்.