மீன் அறுத்துக்கொண்டு போகவில்லை, முடிச்சு உருவிக்கொண்டது

போன வாரம் கூட நின்று லூர் (செயற்கை இரை) வீசிக்கொண்டிருந்த ஒரு தம்பிக்கு நல்ல மீன் மாட்டியது. தூண்டில் ராட் வளைந்தது, ரீலின் பிரேக்கான டிராக் கத்தியது, நாலைந்து வினாடிதான், ராட் சட்டென்று நிமிர்ந்துவிட்டது. "லைன் மட்டம்ணே, அறுத்துட்டுப் போயிடுச்சு" என்றார். நுனியைக் காட்டச் சொன்னேன். பிரெய்டின், அதாவது பல இழை சேர்த்து நெய்த மெயின் லைனின், கடைசி இரண்டு அங்குலம் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கிடந்தது. அறுந்த பிரெய்ட் அப்படி இருக்காது, நுனி பஞ்சு பஞ்சாகப் பிரிந்து நிற்கும். சுருள் இருந்தால் முடிச்சு உருவியிருக்கிறது என்று அர்த்தம். அவரிடம் சத்தமாகச் சொல்லவும் கூச்சமாக இருந்தது, ஏனென்றால் அதே சுருளைக் கையில் வைத்துக்கொண்டு லைனைத் திட்டித் தீர்த்தவன்தான் நானும். ஸ்பூல் முழுக்கப் புது பிரெய்ட் ஏற்றினேன், அடுத்த பெரிய பாரை மீனுக்கு அதுவும் உருவியது.

எச்சில் தொட்டு இறுக்கு, நுனியை ஒட்ட வெட்டு என்பதெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பிரெய்டையும், அதன் நுனியில் லூர் பக்கம் சேர்க்கிற தடித்த நூலான லீடரையும் இணைக்கும் முடிச்சில் நான் எரிச்சல்படுகிற தப்புகளுக்கு நேரே வருகிறேன்.

இறுக்கும் முன்பே பூட்டுவது

எஃப்ஜி முடிச்சைத்தான் சொல்கிறேன். அதில் லீடர் எங்கேயும் மடங்குவதே இல்லை, நேராகக் கிடக்கிறது. பிரெய்ட்தான் அதன் மேல் மாறி மாறிப் பின்னிக்கொண்டு போகிறது. அதனால்தான் அந்த முடிச்சு அவ்வளவு ஒல்லியாக, கைடில் (ராடில் லைன் ஓடும் வளையம்) தட்டாமல் போகிறது. ஆனால் லீடர் மடங்காததால் அதைப் பிடித்து வைப்பதற்கு அந்தப் பின்னல் மட்டும்தான் உண்டு. இழுக்க இழுக்கப் பின்னல் நெருங்கி லீடரின் உடம்பில் கடித்து உட்கார வேண்டும். உட்கார்ந்த பின்னல் தளராமல் இருப்பதற்கு மேலே போடும் காவல்தான் ஹாஃப் ஹிட்ச் என்கிற ஒற்றை வளைய முடிச்சு. பிடிமானம் அதில் இல்லை.

புதிதாகக் கட்டுகிறவர்கள் செய்வது என்ன? இருபது சுற்று போட்டு முடிக்கும்போது விரல் வலிக்கிறது, விட்டால் எல்லாம் அவிழ்ந்துவிடுமோ என்று பயம், உடனே மடமடவென்று பத்து ஹாஃப் ஹிட்ச் போட்டுவிடுகிறார்கள். அப்புறம்தான் இழுக்கிறார்கள். மேலே ஏற்கெனவே பூட்டு விழுந்துவிட்டதால் அந்த இழுப்பு கீழே இருக்கிற பின்னலுக்குப் போய்ச் சேருவதில்லை. பார்க்க முடிச்சு அழகாக இருக்கும், கையால் இழுத்தால் நிற்கும், சின்ன மீன் நாலைந்தைக்கூடத் தூக்கிவிடும். அதுதான் இதில் மோசமானது. பெரிய மீன் ஓடும்போது உள்ளே தளர்ந்து கிடக்கிற பின்னல் நூல் நூலாக நகர்ந்து, லீடரின் முனைக்கு வந்ததும் ஒரேயடியாக உருவிக்கொள்ளும். உருவியது என்று தெரியாதவர் அடுத்த முறை இன்னும் ஐந்து ஹாஃப் ஹிட்ச் சேர்ப்பார். அந்தத் தம்பி பதினெட்டு போட்டிருந்தாராம், பெருமையாகச் சொன்னார்.

சரி, வரிசை இதுதான். இருபது பின்னல் முடிந்ததும் விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, லீடரையும் மெயின் லைனையும் சேர்த்து ஒரே ஒரு ஹாஃப் ஹிட்ச். அதோடு நிறுத்துங்கள். முடிச்சை நன்றாக நனையுங்கள். மெயின் லைனை ஒரு குச்சியில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு, லீடரை மறு கையில் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக, விடாமல் கூட்டிக்கொண்டே இழுங்கள். வெளிர்நிற பிரெய்டாக இருந்தால் கண்ணுக்கு முன்னாலேயே பின்னலின் நிறம் ஒரு படி கறுத்து, லீடரோடு ஒட்டிய தோல் மாதிரி ஆகும். அந்த நிறம் மாறுகிறவரை வேலை முடியவில்லை.

அப்புறம் ஒரு சோதனை. கட்டைவிரல் நகத்தைப் பின்னலின் ஓரத்தில் வைத்து லீடர் நுனிப் பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். மயிரிழை நகர்ந்தாலும் மறுபடி நனைத்து இழுங்கள். இரண்டாவது முறையும் நகர்ந்தால் வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள், அதைச் சரிசெய்ய முடியாது. நகரவில்லை என்றால் இப்போது மிச்ச ஹாஃப் ஹிட்ச்சுகளை ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி மாற்றிப் போடலாம், லீடரின் நுனியை வெட்டலாம், வெட்டிய இடத்தைத் தாண்டி மெயின் லைன் மேல் மட்டும் இன்னும் நாலைந்து போட்டு முடிக்கலாம்.

குச்சி என்று சொன்னேன், கை என்று சொல்லவில்லை. வெறும் விரலில் பிரெய்டைச் சுற்றி முழு பலத்தோடு இழுத்ததன் அடையாளம் என் சுண்டுவிரல் மடிப்பில் இன்னும் வெள்ளைக் கோடாக இருக்கிறது.

தளர்ந்த லைனில் பின்னுவது

பம்பரத்துக்குக் கயிறு சுற்றிய யாருக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை, முதல் சுற்று தொளதொளவென்றால் மொத்தமும் போச்சு. பின்னும்போது பிரெய்ட் விறைப்பாக நிற்க வேண்டும். ராடைத் தொடையிடுக்கில் வைத்து, டிராக்கை இறுக்கி, பிரெய்டின் மறுமுனையைப் பல்லில் கவ்விக்கொள்வது பழைய வழி. சுற்றின் மேல் சுற்று ஏறக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். படகு ஆடுகிறது, காற்று அடிக்கிறது, கை நடுங்குகிறது என்றால் எஃப்ஜியை விட்டுவிட்டு டபுள் யூனி (இரண்டு நூலும் ஒன்றன் மேல் ஒன்று சுற்றி இறுகும் முடிச்சு) போடுங்கள். தடிமனாக இருக்கும், கைடில் கொஞ்சம் தட்டும், ஆனால் ஒழுங்காகக் கட்டிய டபுள் யூனி அரைகுறை எஃப்ஜியை விட எவ்வளவோ மேல். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை

இது டபுள் யூனிக்காரர்களுக்கு. பிரெய்ட் பாலிஎத்திலீன் இழை, வழவழவென்று இருக்கும், அதற்கு எட்டுச் சுற்று வேண்டும். லீடர் தடிமனானது, அதற்கு மூன்று நான்கு போதும். லீடரிலும் எட்டுச் சுற்றினால் இறுகாமல் கட்டியாக நிற்கும். பிரெய்டில் நாலே போட்டால் வழுக்கும்.

லீடரும் பிரெய்ட் அளவுக்கே ஒல்லியாக இருப்பது

எஃப்ஜி கடிப்பதற்கு ஒரு உடம்பு வேண்டும். பிரெய்டை விட லீடர் கண்ணுக்குத் தெரிகிற அளவு தடிமனாக இருந்தால்தான் பின்னல் உட்காரும். இரண்டும் ஏறக்குறைய ஒரே தடிமன் என்றால் வேறு முடிச்சுக்குப் போங்கள்.

காய்ந்த முடிச்சை இழுப்பது

உரசல் சூடு. பிரெய்ட் இழை 150 டிகிரி செல்சியஸ் சுமாரிலேயே உருகிவிடும், நைலான் லீடர் தாங்குகிற சூட்டை அது தாங்காது.

லைட்டர்

மேலே சொன்ன அதே காரணம். லீடர் நுனியைச் சுட்டுக் குமிழாக்கப் போய்ப் பக்கத்து பிரெய்டைச் சுட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒருவர் இரண்டு முறை சுட்டார். வேண்டாம்.

நைந்த பிரெய்டில் கட்டுவது

கட்டுவதற்கு முன்னால் கடைசி இரண்டு மீட்டரை விரலிடுக்கில் விட்டு இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அது வரைக்கும் வெட்டுங்கள். மனசு வராது, வெட்டுங்கள்.

முடிச்சைக் கைடுகளுக்கு நடுவில் விட்டு வீசுவது

நல்ல எஃப்ஜி என்றால் கைடு வழியே தட்டாமல் ஓடிவிடும். மற்றவற்றுக்கு லீடரைக் குட்டையாக வைத்து, முடிச்சை ராட் நுனிக்கு வெளியே தொங்கவிட்டு வீசுங்கள்.

நேற்றைய முடிச்சு

ஹாஃப் ஹிட்ச் பிரிந்து மீசை நீட்டிக்கொண்டிருந்தால் அதன் காலம் முடிந்தது. அந்தத் தம்பி அப்படிப்பட்ட ஒன்றைக் கட்டிக்கொண்டு நேற்று மறுபடி வந்திருந்தார், கத்தரிக்கோலை எடுத்து நானே வெட்டிவிட்டேன்.