கூச்சி சுரங்கத்துக்கு ஒரு நாள் டூர்: எப்படிப் போறது, எதைக் கவனிச்சுப் பாக்குறது

வியட்நாம் போற நம்ம ஆளுங்க இப்போ நிறைய. திருச்சியில இருந்தே நேரா ஹோ சி மின் சிட்டிக்கு வியட்ஜெட் 2023 கடைசியில விமானம் விட்டதுக்கு அப்புறம் இன்னும் ஜாஸ்தி. போறவங்க எல்லாருமே கூச்சி சுரங்கத்தை லிஸ்ட்ல வச்சிருப்பாங்க, ஆனா புக் பண்றது மட்டும் முந்தின நாள் ராத்திரி, ஹோட்டல் ரிசப்ஷன்ல எந்த டூரை நீட்டுறாங்களோ அதுக்கே சரின்னு காசு கட்டிடுவாங்க. அப்படிப் போனாலும் சுரங்கத்தைப் பாக்கலாம்தான், ஆனா பெரும்பாலும் க்யூல நின்னு, ஓட்டைக்குள்ள இறங்கி ஒரு போட்டோ, சுரங்கத்துல பத்து நிமிஷம், அவ்ளோதான் முடிஞ்சிடும். வியட்நாம் போர்ல அமெரிக்கப் படையை எதிர்த்த கெரில்லாக்களும் ஊர்க்காரங்களும் வருஷக்கணக்கா மண்ணுக்குள்ள வாழ்ந்த இடம் அது, கொஞ்சம் விசாரிச்சுட்டுப் போனா அந்த வாழ்க்கை உண்மையிலேயே கண்ணு முன்னாடி தெரியும். அதுக்காகத்தான் இவ்ளோ விலாவாரியா எழுதுறேன்.

முதல் விஷயம், கூச்சின்னா ஒரே இடம் இல்ல. டூரிஸ்ட்டுக்குத் திறந்திருக்கிறது ரெண்டு இடம், பென் டின், பென் டுவோக். பென் டின் சிட்டிக்குக் கிட்ட, சுமார் 50 கிலோமீட்டர், அதனால பெரிய பஸ் டூர் முக்கால்வாசி அங்கதான் போகும், பத்து மணிக்கு மேல ஒரே கூட்டம். பென் டுவோக் இன்னும் கொஞ்சம் தள்ளி, கூட்டம் குறைவு, இடம் பெருசு, போர்ல செத்தவங்களுக்கான நினைவுக் கோயிலும் அங்கதான் இருக்கு. என்னைக் கேட்டா பென் டுவோக்தான். அரை மணி நேரம் கூட வண்டியில உக்கார வேண்டி வந்தாலும் பரவால்ல, கைடு பேசுறது காதுல விழும், பின்னாடி அம்பது பேர் தள்ளாம நிதானமா குனிஞ்சு பாக்கலாம். விளம்பரத்துல வெறும் கூச்சின்னு மட்டும் போட்டிருந்தா அது பென் டின்னுன்னே எடுத்துக்கோங்க, வேணும்னா கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

புக் பண்ணும்போது கேக்க வேண்டியது இன்னும் இருக்கு. குரூப்ல எத்தனை பேருன்னு கேளுங்க, பத்து பதினஞ்சு பேருக்குள்ள இருந்தா நல்லது, நாப்பது பேர் பஸ்னா கைடு மைக்ல சொல்றதுதான் எல்லாமே. நுழைவுச் சீட்டு டூர் விலையில சேர்ந்ததான்னு கேளுங்க, நிறைய மலிவு டூர்ல அது தனி, அங்க போனப்புறம்தான் சொல்வாங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு டிக்கெட் ஒரு லட்சம் டாங்குக்குக் கொஞ்சம் மேல வரும், லட்சம்னதும் பயப்படாதீங்க, நம்ம காசுல முந்நூத்துச் சொச்சம் நானூறு ரூபாதான். குரூப் டூர் பொதுவா ஆளுக்கு 15-லிருந்து 30 டாலர், சைகோன் ஆத்து வழியா ஸ்பீட்போட்ல போறதுன்னா அதைவிட ரொம்ப ஜாஸ்தி, ஆனா ட்ராஃபிக் இல்ல, வயசானவங்களோட போறீங்க, கையில காசும் இருக்குன்னா அது சுகமான வழி. இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும், இ-விசா ஒரு தடவை நுழையறதுக்கு 25 டாலர், அரசாங்க வெப்சைட்லயே போடுங்க, ஏஜென்ட்டுக்கு டபுளா கொட்டிக் குடுக்க வேண்டாம்.

அப்புறம் நேரம். காலையில ஏழு ஏழரைக்குக் கிளம்புற அரை நாள் டூர்தான் நல்லது. போக ஒன்றரையில இருந்து ரெண்டு மணி நேரம், மதியம் ரெண்டு மணிக்குள்ள திரும்பிடலாம். மே-ல இருந்து நவம்பர் வரைக்கும் மழைக்காலம், பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் கொட்டும், அப்போ சாயங்கால டூர் எடுத்தீங்கன்னா களிமண்ணுல வழுக்கிட்டுதான் நடக்கணும். டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரை மழை இல்ல, ஆனா மார்ச் ஏப்ரல்ல வெயில் நம்ம ஊரு மாதிரியே பொளக்கும். போற வழியில கிட்டத்தட்ட எல்லா டூரும் ஒரு கைவினைப் பட்டறையில நிறுத்தும், போர்ல பாதிக்கப்பட்ட குடும்பத்து மாற்றுத்திறனாளிங்க அரக்குப் பூசின மரப்பலகையில முட்டை ஓட்டைத் துண்டு துண்டா ஒட்டிப் படம் பண்ணுவாங்க. வாங்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா வேலையை நின்னு பாருங்க, ஒரு வாத்து உருவத்துக்கு எத்தனை சின்னச் சின்ன ஓட்டுத் துண்டு போகுதுன்னு பாத்தாலே மலைப்பா இருக்கும்.

முழு நாள் டூர் வேணும்னா ரெண்டு விதமா விப்பாங்க. கூச்சியும் மீகாங் டெல்டாவும் ஒரே நாள்ல, இது வேண்டாம், ரெண்டும் வேற வேற திசை, நாள் முழுக்க வண்டியிலயே போயிடும். இன்னொண்ணு டே நின்ல இருக்கிற காவ் டாய் கோயிலும் கூச்சியும், இது அருமையான ஜோடி. காவ் டாய் 1926-ல வியட்நாம்லயே பொறந்த மதம், மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பூசை நடக்கும், மேல பால்கனியில நின்னு பாக்க விடுவாங்க, வெள்ளை உடுப்புல வரிசை வரிசையா மக்கள், தூண்ல எல்லாம் டிராகன், எல்லாத்துக்கும் நடுவுல ஒத்தைக் கண்ணு. மாசத்துக்குப் பத்து நாளாவது சைவம் சாப்பிடணும்னு அவங்களுக்கு விதி இருக்கு, அதனால அந்த ஊர்ல சைவச் சாப்பாடு நல்லாவே கிடைக்கும். சைவக்காரங்க புக் பண்ணும்போதே "அன் சாய்"னு சொல்லி வச்சிடுங்க, எல்லா இடத்துலயும் புரிஞ்சுப்பாங்க. இந்த டூர்ல ஒரே குறை, கூச்சிக்கு சாயங்காலம்தான் வந்து சேருவீங்க, அஞ்சு மணிக்கு மூடுற இடம், அங்க ரெண்டு மணி நேரமாவது கிடைக்குமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

சரி, உள்ள போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கதை தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா வெறும் ஓட்டையாத்தான் தெரியும். தோண்ட ஆரம்பிச்சது அமெரிக்காக்காரனுக்கு எதிரா இல்ல, 1940-கள் கடைசியில பிரெஞ்சுக்காரங்களுக்கு எதிரா. ஒளிய, ஆயுதம் பதுக்க, ஊருக்கு ஊரு சின்னச் சின்னக் குழி. 1960-கள்ல அதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இணைச்சு இணைச்சு 250 கிலோமீட்டர் அளவுக்குக் கொண்டு போயிட்டாங்க. மிஷின் எதுவும் கிடையாது, சின்ன மம்பட்டி, மூங்கில் கூடை, அவ்ளோதான். அந்த செம்பூராங்கல் களிமண்ணு ஈரத்துல வெட்ட வரும், காஞ்சா இறுகிடும், அதனாலதான் தாங்கி நின்னுது. மூணு அடுக்கு, மேல் அடுக்கு மூணு மீட்டர் ஆழம், அதுக்குக் கீழ ஆறு, கடைசி அடுக்கு எட்டு பத்து மீட்டர். உள்ளயே சமையல்கட்டு, ஆஸ்பத்திரி, கிணறு, கூட்டம் போடுற அறை. 1966 ஜனவரியில அமெரிக்க, ஆஸ்திரேலியப் படைங்க எட்டாயிரம் பேர் அளவுல இங்க இறங்கினாங்க, ஆபரேஷன் கிரிம்ப்னு பேரு, அடுத்த வருஷம் ஜனவரியில அதைவிடப் பெரிய ஆபரேஷன் சீடர் ஃபால்ஸ், முப்பதாயிரம் பேர். ரெண்டாலயும் சுரங்கத்தை ஒழிக்க முடியல. அமெரிக்காவோட 25-வது காலாட்படைப் பிரிவு முகாம் போட்டதே இந்தச் சுரங்க வலைக்குப் பக்கத்துல. அப்புறம் ஒல்லியா குள்ளமா இருக்கிற சிப்பாய்ங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு டார்ச், ஒரு பிஸ்டல் குடுத்து உள்ள அனுப்பினாங்க, சுரங்க எலிகள்னு பேரு. அந்த அமெரிக்கப் பையனும் பயந்துட்டேதான் ஊர்ந்திருப்பான், அதையும் மனசுல வச்சிட்டுப் பாருங்க.

டூர் ஆரம்பத்துல ஒரு கருப்பு வெள்ளைப் படம் போடுவாங்க, அந்தக் காலத்துப் பிரச்சாரப் படம். அமெரிக்கர்களைக் கொன்ற வீரர்னு பட்டம் குடுக்கிறதெல்லாம் வரும். ஜெயிச்ச பக்கம் சொல்ற கதை அது, அமெரிக்கா பக்கம் நின்ன தெற்கு வியட்நாம் ராணுவத்துல இருந்து செத்தவங்களைப் பத்திப் பேச்சே வராது. தெற்கு வியட்நாம்ல ஒரே குடும்பத்துல அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம்னு நின்ன வீடுங்க இருக்கு. நல்ல கைடா இருந்தா, கூட்டத்துக்கு நடுவுல இல்லாம நடக்கும்போது மெதுவா, உங்க வீட்டுல அந்தக் காலத்தைப் பத்தி என்ன சொல்வாங்கன்னு கேளுங்க. சொல்ல விருப்பம் இல்லன்னா விட்டுடுங்க. சொன்னாங்கன்னா அந்த நாளோட பெரிய விஷயமே அதுதான்.

நடக்கும்போது நான் எல்லாரையும் நிறுத்திக் காட்டுற இடம் அடுப்புதான். ஹோவாங் காம்னு ஒரு ராணுவ சமையல்காரர் பிரெஞ்சுப் போர் காலத்துல கண்டுபிடிச்ச அடுப்பு, அவர் பேருதான் அடுப்புக்கும். விறகு எரியறது தரைக்கு அடியில, புகை நேரா மேல வராது, நீளமா வெட்டின வாய்க்கால் வழியா ஒரு அறை, அங்க இருந்து இன்னொரு அறைன்னு போய்ப் போய் ஆறி, சூடும் அடர்த்தியும் குறைஞ்சு, ரொம்பத் தள்ளி எங்கயோ இலைச் சருகுக்கு நடுவுல தரையோட தரையா கசியும். சமைக்கிறதும் விடியக்காலையிலதான், பனிமூட்டத்தோட புகை கலந்துடும், மேல சுத்துற விமானத்துக்குத் தெரியாது. சில நாள் அங்க அடுப்பு எரிய விட்டிருப்பாங்க, அப்போ கைடு காட்டுற இடத்துல குனிஞ்சு பாத்தா தெரியும், மெல்லிசா, வெள்ளையா, முழங்காலுக்கு மேல எழும்பவே எழும்பாது. இவ்ளோ யோசிச்சது எல்லாம் ஒரு வேளை கிழங்கு வேக வைக்கறதுக்கு.

அதே மாதிரி காத்து ஓட்டை. கரையான் புத்து மாதிரி மண்ணு மேடு இருக்கும், பக்கத்துல போய்ப் பாத்தா பக்கவாட்டுல சின்னச் சின்னத் துளை. மோப்ப நாய் கண்டுபிடிக்காம இருக்க மிளகாப்பொடி தூவினாங்க, அமெரிக்க சிப்பாய் குளிக்கிற சோப்பு, அவனோட பழைய உடுப்புகூட வச்சாங்க, நாய்க்குப் பழகின வாசனைங்கறதால தாண்டிப் போயிடும். சுத்தி இருக்கிற மரத்தையும் பாருங்க, எல்லாம் இளமரம், பழைய பெருமரமே அனேகமா இருக்காது. குண்டும் ரசாயனமும் போட்டு மொட்டையாக்கின காடு, இப்போ இருக்கிறது போருக்கு அப்புறம் வளர்ந்தது. அமெரிக்காவோட பி-52 விமானம் போட்ட குண்டு விழுந்த பள்ளம் இன்னும் அங்கங்க இருக்கு, பாதை ஓரத்துல குளம் மாதிரி தெரியறது எதுன்னு கைடு கிட்ட கேளுங்க.

ஒளிஞ்சிருந்து சுடுற குழின்னு ஒண்ணு காட்டுவாங்க, சருகு போட்டு மூடின சின்னப் பலகை, ஒரு ஆள் தோளு அகலம்தான். இறங்குறதுன்னா பலகையை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிட்டு நேரா இறங்கணும். தோளு அகலமா இருக்கிறவங்க, இடுப்பு பெருசா இருக்கிறவங்க முயற்சி பண்ணவே வேண்டாம், இறங்குறது சுலபம், ஏறுறதுதான் கஷ்டம்.

இப்போ சுரங்கத்துக்குள்ள போறது. டூரிஸ்ட்டுக்காகக் கொஞ்சம் பெருசாக்கினதுதான், இருந்தாலும் நிமிரவே முடியாது, குத்துக்கால் போட்டு நகரணும், சில இடத்துல தவழணும். காத்து கம்மி, புழுக்கம், ரெண்டு நிமிஷத்துல சட்டை நனைஞ்சிடும். இடைஇடையில வெளிய வர வழி வச்சிருக்காங்க, இருபது மீட்டர் மாதிரி போனதும் முதல் வழி வந்துடும், அங்கயே ஏறிடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உள்ள திரும்புறது முடியாத காரியம், பின்னாடி ஆள் இருக்கும், அதனால போறதா வேண்டாமாங்கறதை வாசல்லயே முடிவு பண்ணிடுங்க. இதய நோய், ஆஸ்துமா, முட்டி வலி, கர்ப்பிணிங்க, மூடின இடம்னா பயம் இருக்கிறவங்க மேலயே இருக்கலாம், பாக்க வேண்டியது பாதிக்கு மேல தரைக்கு மேலதான் இருக்கு. போறவங்க கைடுக்குப் பக்கத்துலயே ரெண்டாவது மூணாவதா போங்க, முன்னாடி ஆளுக்கும் உங்களுக்கும் ஒரு கை தூரம் இடைவெளி விடுங்க, அவர் நின்னா நீங்க முட்டிக்க மாட்டீங்க, மூச்சும் சீரா இருக்கும். பையை வெளிய யாருகிட்டயாவது குடுத்துடுங்க, போனை ஜிப் இருக்கிற பாக்கெட்ல வைங்க. சிவப்பு மண்ணு கறை லேசுல போகாது, வெள்ளை உடுப்பு வேண்டாம், முழுக்கால் பேன்ட், பிடிமானமான ஷூ, கொசு மருந்து, ஆளுக்கு ஒரு தண்ணி பாட்டில் போதும்.

வெளிய வந்ததும் வேக வச்ச மரவள்ளிக்கிழங்கு குடுப்பாங்க, தொட்டுக்க வேர்க்கடலை, எள்ளு, உப்பு இடிச்ச பொடி, கூட டீ. உள்ள இருந்தவங்களோட முக்கிய சாப்பாடே இதுதான், நமக்கும் பழகின ருசி. நம்ம ஆளுங்க சில பேரு "கிழங்குதானே"ன்னு தட்டைத் தள்ளி வச்சிட்டுப் போவாங்க, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க.

துப்பாக்கி சுடுற இடம் ஒண்ணு உள்ளயே இருக்கு, ஏகே-47, எம்-16 எல்லாம் குண்டுக் கணக்குல காசு வாங்கிட்டு சுட விடுவாங்க. எனக்கு அது அந்த இடத்துல உறுத்துது, இத்தனை பேர் செத்த மண்ணுல வேட்டுச் சத்தத்தை விளையாட்டா கேக்க மனசு வரல. உங்க விருப்பம். ஆனா ஒண்ணு முக்கியம், அந்தச் சத்தம் சுத்துவட்டாரம் முழுக்கக் கேக்கும். ஈழத்துல பங்கருக்குள்ள இருந்து வளர்ந்தவங்க, ஷெல்லடி பாத்தவங்க உங்க கூட வந்தா இதை முன்னாடியே சொல்லி வைங்க, அவங்க வரலன்னா வற்புறுத்தவும் வேண்டாம். கைக்குழந்தை இருந்தாலும் அந்தப் பக்கம் நிக்காதீங்க.

பென் டுவோக் போனவங்க நினைவுக் கோயிலுக்குக் கட்டாயம் அரை மணி நேரம் ஒதுக்குங்க. உள்சுவர் பூரா பேரு, 44,000 பேருக்கும் மேல, கல்லுல வெட்டியிருக்காங்க. செருப்பைக் கழட்டிட்டு, தொப்பி எடுத்துட்டு, சத்தம் போடாம போகணும், தோளு முட்டி மூடின உடுப்பு நல்லது. சில டூர்ல இதை நேரம் இல்லன்னு விட்டுடுவாங்க, அதனால கிளம்பும்போதே கைடு கிட்ட சொல்லிடுங்க.

சிட்டியில இருக்கிற போர் எச்ச மியூசியத்தை அதே நாள்ல சேக்காதீங்க, அங்க இருக்கிற படங்க ரொம்பக் கனமானது, முந்தின நாள் பாத்துட்டு வந்தா கூச்சியில கைடு சொல்றது நல்லா ஒட்டும். அரை நாள் டூர் முடிஞ்ச சாயங்காலம் பென் தான் மார்க்கெட் கிட்ட நம்ம தமிழருங்க அந்தக் காலத்துல கட்டின மாரியம்மன் கோயில் இருக்கு, நடந்தே போயிடலாம். கைடுக்கும் டிரைவருக்கும் டிப்ஸ் சில்லறை டாங்கா வச்சுக்கோங்க, தனித்தனியா குடுக்கணும். திரும்பும்போது சிட்டிக்குள்ள நுழையற ரோடு பைக்கா நெரியும், சொன்ன நேரத்தைவிட ஒரு மணி நேரம் தாமதமாகறது சாதாரணம், அன்னைக்கு ராத்திரி ஃப்ளைட் இருந்தா சாயங்கால டூர் பக்கமே போகாதீங்க.