நாள்பட்ட நோய் உள்ள பதின்வயதுப் பிள்ளைக்கு விட்டுப்போன தடுப்பூசிகளைப் போட்டு முடிப்பது எப்படி?

என் மகளுக்கு நெஃப்ராடிக் சிண்ட்ரோம், அதாவது சிறுநீரில் புரதம் கசியும் சிறுநீரக நோய். மாதம் தவறாமல் யாராவது ஒரு டாக்டரைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். ஆனால் அவளுக்குப் 13 வயதானபோது தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தால், ஐந்து வயதுக்கு அப்புறம் ஒரு முத்திரைகூட இல்லை. குழந்தை டாக்டர் போட்டிருப்பார் என்று சிறுநீரக டாக்டர் நினைத்திருக்கிறார். ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளையாயிற்றே, அங்கேயே சொல்லட்டும் என்று குழந்தை டாக்டர் விட்டிருக்கிறார். நாங்கள் இரண்டு பேரையும் நம்பி இருந்துவிட்டோம். ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் என்று எதுவாக இருந்தாலும், சாதாரண ஃப்ளூகூட இந்தப் பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 1: அட்டையைத் தேடுங்கள்

பழைய அட்டை, டிஸ்சார்ஜ் காகிதங்கள், ஊசி போட்ட இடத்துப் பதிவேடு, எல்லாவற்றையும் பாருங்கள். எங்கள் அட்டையில் தண்ணீர் பட்டு ஒரு தேதி மை கலைந்து கிடந்தது, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் படித்தேன். போட்டது, போடாதது, தெரியாதது என்று ஒரே தாளில் எழுதுங்கள். எழுத்தில் இல்லாததைப் போடாததாகவே எடுத்துக்கொள்வார்கள். ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்), தட்டம்மை மாதிரி சிலவற்றுக்கு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்றும் பார்க்கலாம். இரண்டு டோஸ் போட்டு மூன்றாவது விட்டுப்போய்ப் பல வருஷமானாலும் பொதுவாக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, மிச்சத்தைப் போட்டால் போதும்.

படி 2: மருந்துப் பட்டியல்

இதில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி நான்கும் வேண்டும். காரணம், தடுப்பூசிகளில் இரண்டு வகை இருக்கிறது. தட்டம்மை-பொன்னுக்குவீங்கி-ரூபெல்லா ஊசி, சின்னம்மை ஊசி, மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து எல்லாம் உயிருள்ள, ஆனால் பலவீனமாக்கப்பட்ட கிருமியால் ஆனவை. நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு இவை ஆபத்தாகலாம். ஃப்ளூ ஊசி, எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி), நிமோகாக்கல் (நிமோனியா போன்றவற்றைத் தடுக்கும் ஊசி), ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றில் உயிருள்ள கிருமி கிடையாது, அந்தப் பயம் வேண்டாம்.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தினம் 20 மி.கி. அல்லது அதற்கு மேல், 14 நாளோ அதற்கும் அதிகமாகவோ சாப்பிட்டிருந்தால், நிறுத்தி ஒரு மாதமாவது ஆன பிறகுதான் உயிருள்ள ஊசி. ஆஸ்துமாவுக்கு இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் இந்தக் கணக்கில் வராது, அதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

புதிதாக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தொடங்கப் போகிறார்கள் என்றால், அதற்கு முன்னாடியே கேளுங்கள். உயிருள்ள ஊசிகளை 4 வாரம் முன்பும் மற்றவற்றை 2 வாரம் முன்பும் முடித்துவிடுவது நல்லது. நாங்கள் தவறவிட்டது இதைத்தான். சின்னம்மையின் இரண்டாவது டோஸ் பாக்கி இருக்கும்போதே புது மருந்து தொடங்கிவிட்டது, அப்புறம் எங்கே அம்மை என்று கேள்விப்பட்டாலும் வயிறு கலங்கும்.

படி 3: நோய்க்கு ஏற்ற கூடுதல் ஊசிகள்

ஃப்ளூ ஊசி வருஷா வருஷம். சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரக நோய் இருந்தால் நிமோகாக்கல் பற்றிக் கேளுங்கள். மண்ணீரல் எடுத்த பிள்ளைக்கும் சிக்கிள் செல் நோய் (பரம்பரையாக வரும் ரத்த நோய்) உள்ள பிள்ளைக்கும் அதோடு மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் மெனிங்கோகாக்கல் ஊசியும் ரொம்ப முக்கியம். எச்.பி.வி. ஊசியில் மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றோ இரண்டோ டோஸ் போதும் என்பார்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மூன்று டோஸ் போடுவதுதான் நல்லது. டயாலிசிஸில் இருந்தால், ஹெபடைட்டிஸ் பி முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து ஊசி பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படி 4: ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள்

இரண்டு தாள்களையும் சிறப்பு மருத்துவரிடம் நீட்டி, எது போடலாம், எது கூடாது என்று எழுதி வாங்குங்கள். "இப்போது வேண்டாம்" என்றால் விடாதீர்கள், "அப்போ எப்போது?" என்று கேட்டுத் தேதி வாங்குங்கள். அந்தக் காகிதத்தோடு குழந்தை டாக்டரிடம் போனால் அவரும் தயங்க மாட்டார்.

படி 5: ஊசி போடும் நாள்

லேசான சளிக்காக நாளை மாற்ற வேண்டாம். இந்த வயதில் ஊசி போட்டதும் மயக்கம் வருவது சகஜம், 15 நிமிஷம் உட்கார வையுங்கள். ஹீமோஃபீலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மெல்லிய ஊசி போட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிஷமாவது அழுத்திப் பிடிப்பார்கள். என்ன ஊசி, எதற்கு என்று பிள்ளையிடமே சொல்லச் சொல்லுங்கள், அது அவர்கள் உடம்பு.

படி 6: வீட்டில் இருப்பவர்கள்

உங்கள் பிள்ளைக்குப் போட முடியாத ஊசியை வீட்டில் மற்றவர்கள் போட்டுக்கொள்ளலாம். என் மகனுக்குச் சின்னம்மை ஊசி போட்டபோது, பத்து நாள் கழித்து அவன் முதுகில் நான்கைந்து கொப்புளம் வந்தது. அது வற்றும்வரை அக்கா பக்கம் போகாமல் வேறு அறையில் படுத்தான், தினமும் கதவுக்கு வெளியே நின்றே அவளோடு பேசினான்.